மாலைதீவில் ஆங்கில சேர்: கல்முனைக் கரையிலிருந்து போனவர்கள்

வெளிநாட்டில் ஆங்கிலம் படிப்பிக்கும் வேலை என்றதும் இன்றைய இளைஞர்கள் ஜப்பானைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அங்கே 1987இல் தொடங்கிய ஜெட் என்ற அரசாங்கத் திட்டம் இருக்கிறது. அதில் போகிறவர் பெரும்பாலும் உதவி ஆசிரியர். ஜப்பானிய ஆசிரியருக்குப் பக்கத்தில் நின்று பேச்சும் உச்சரிப்பும் பழக்குவார். ஒரு வருட ஒப்பந்தம், நீட்டித்தாலும் ஐந்து வருடம்தான். ஆனால் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறைப் பக்கத்திலிருந்து ஆங்கிலம் படிப்பிக்கப் போனவர்களுக்கு அறிமுகமான நாடு மாலைதீவு. அங்கே வெளிநாட்டு ஆசிரியர் யாருக்கும் உதவியாளர் இல்லை. வகுப்பு முழுவதும் அவர் தலையில்தான்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1960களின் தொடக்கத்தில், பிரித்தானியப் பாதுகாப்பில் இருந்த காலத்திலேயே, மாலேயில் ஆங்கில மொழிமூலக் கல்வி தொடங்கியது. படிப்பிக்க ஆள் இல்லை. இலங்கையிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்தார்கள். பின்னர் அந்த முறை தீவுகளுக்கும் பரவியது. மாலைதீவுக்கென்று பல்கலைக்கழகம் ஒன்று வந்ததே 2011இல்தான். அதுவரை இடைநிலை வகுப்புகளைத் தாங்கியவர்களில் இலங்கையரும் இந்தியரும் பெரும் பங்கு. இஸ்லாமும் திவெஹி மொழியும் உள்ளூர் ஆசிரியர்களிடம். கணிதம், விஞ்ஞானம், வணிகம் எல்லாம் ஆங்கிலத்தில். ஆகவே ஆங்கில ஆசிரியர் ஒரு பாடத்துக்கு மட்டும் பொறுப்பாளி இல்லை. பிள்ளைக்கு ஆங்கிலம் விளங்காவிட்டால் விஞ்ஞானமும் விளங்காது.

என் மாமா, உம்மாவின் தம்பி, 1993இல் போனார். அவர் போனதற்குக் காரணம் ஆங்கிலத்தின் மீதிருந்த காதல் என்று யாரும் சொன்னதில்லை. அம்பாறைக் கரையில் கலியாணத்துக்கு முன் பெண்ணுக்கு வீடு வேண்டும். வீட்டில் இரண்டு குமர் இருந்தார்கள். 1990 ஜூனில் கிழக்கின் பொலிஸ் நிலையங்கள் புலிகளிடம் விழுந்த பிறகு நடந்தவை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காத்தான்குடி, ஏறாவூர், வீரமுனை என்று அந்த ஆகஸ்ட் மாதத்தை ஊர்ப் பெயர்களாலேயே நினைவு வைத்திருக்கிறோம். அதன் பிறகு வயலுக்குப் போவதும் பாடசாலைக்குப் போவதும் ஒரே மாதிரியான பயம். ஆசிரியர் சம்பளத்தில் வீடு எழும்பாது.

கல்முனையிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் ஒரு முழு இரவு, சோதனைச்சாவடிகளோடு. கொழும்பிலிருந்து மாலேக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். அதன் பிறகு தோணி. தீவுக்குத் தீவு தூரம் மாறும், கடல் கொந்தளித்தால் நாளும் மாறும். மாமா இருந்த தீவை அஸருக்குப் பிறகு நடக்கத் தொடங்கினால் மஃரிபுக்கு முன்பே இரண்டு தரம் சுற்றி வந்துவிடலாம். ஒரே பாடசாலை, ஒரே தெருவில் ஆசிரியர் அறைகள், இரண்டு மூன்று பேருக்கு ஓர் அறை.

வாரம் ஞாயிறு தொடங்கி வியாழன் முடியும். வெள்ளியும் சனியும் விடுமுறை. பல பாடசாலைகள் அன்று காலை, பிற்பகல் என்று இரண்டு நேரம் நடந்தன. சாப்பாட்டில் மீனுக்குக் குறைவில்லை, மரக்கறிக்குத்தான் கஷ்டம். பவள மணலில் அதிகம் விளையாது, தோணி வந்தால்தான் கறி. முருங்கை மட்டும் வீட்டு முற்றங்களில் நிற்கும், பெயரும் ஏறத்தாழ அதுதான்: முரங்கா. நாங்கள் சம்பலுக்கு இடிக்கும் மாசி எங்கிருந்து வருகிறதோ, அங்கே இருந்துகொண்டு மாமா ஊர்ச் சம்பலுக்கு ஏங்கிக் கடிதம் எழுதினார்.

வகுப்பறையில் முதல் சிக்கல் எழுத்தின் திசை. திவெஹி எழுதும் தானா எழுத்து வலமிருந்து இடம் போகும். சிறு பிள்ளை ஒரு பாடத்துக்கு ஒரு பக்கமும் அடுத்த பாடத்துக்கு மறு பக்கமும் கையை நகர்த்த வேண்டும். இரண்டாவது சிக்கல், ஆசிரியருக்குப் பிள்ளையின் மொழி தெரியாது. விளங்காத சொல்லைத் தாய்மொழியில் சொல்லி நகரும் பழக்கம் அங்கே செல்லாது. படம் வரைந்து, நடித்து, பொருளைக் கையில் பிடித்துக் காட்டித்தான் தொடங்க வேண்டும். ஆனால் பிள்ளைகள் எண்ணும்போது மாமாவுக்கு விளங்கியது. எகெஹ், தேஹ், தினெஹ், ஹதரெஹ், பஹெஹ். சிங்களத்தில் எக, தெக, துன, ஹதர, பஹ. திவெஹி சிங்களத்தின் உறவு மொழி. எங்களூரில் அந்த ஒலிகளை அவர் அதிகம் கேட்டது சோதனைச்சாவடியில், அடையாள அட்டையை நீட்டும்போது. அங்கே அதை எட்டு வயதுப் பிள்ளைகள் கூடிச் சொன்னார்கள்.

பெரிய வகுப்புகளில் அவருக்குப் பிடித்த பாடம் ஒரே ஒரு சொல். பவளத்தீவு வளையத்துக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் பெயரான அடொல், திவெஹியின் அதொளுவிலிருந்து போனது. தங்கள் மொழியிலிருந்து ஆங்கிலம் கடன் வாங்கியிருக்கிறது என்று தெரிந்த பிறகு, பின்வாங்கில் இருப்பவனும் வாய் திறந்தான் என்று சொல்வார்.

ஆசிரியர் அறையில் கேரளத்தவரும் தமிழ்நாட்டவரும் இருந்தார்கள். இங்கே அவர் முஸ்லிம். தமிழ் பேசினாலும் தமிழர் கணக்கில் வராதவர், 1990க்குப் பிறகு அந்தக் கோடு இன்னும் தடித்துப் போனது. அங்கே தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு அவர் தமிழ்க்காரர். தீவுக்காரருக்கு இலங்கைக்காரர். தமிழ் பேசும் இலங்கைக்காரர் என்பதற்கும் அங்கே ஒரு பழைய நிழல் உண்டு. 1988 நவம்பர் 3ஆம் திகதி மாலைதீவு வியாபாரி ஒருவரின் சதிக்குத் துணையாக மாலேயில் ஆயுதத்தோடு இறங்கியவர்கள் புளொட் இயக்கத்தினர். அன்றிரவே இந்தியப் படை வந்து ஆட்சியைக் காப்பாற்றியது. ஐந்து வருடம் கழித்துப் போன மாமாவிடமும் தேநீர்க் கடையில் அதைக் கேட்டார்கள், பகையோடு இல்லை, ஊர் விசாரிப்பதைப் போல.

முஸ்லிமாக இருப்பது அங்கே வசதி என்பதை மறைக்க வேண்டியதில்லை. காரைதீவு, பாண்டிருப்புப் பக்கத்து இந்து, கிறிஸ்தவ ஆசிரியர்கள் போக நினைத்தால் முதலில் அறிய வேண்டியது இது: பிற மத வழிபாட்டைப் பொதுவில் நடத்தச் சட்டம் இடம் தராது. வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுபோனால் சுங்கத்தில் தடுப்பார்கள். கும்பிடுவது அறைக்குள் மட்டும். அது சரியா என்று கேட்டால், சரியில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் தெரியாமல் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது.

அப்போது அங்கே பாடசாலை ஆண்டு ஜனவரியில் தொடங்கி நவம்பரில் முடியும். டிசம்பரில் ஆசிரியர்கள் ஊர் வருவார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் மாமாவும் கல்முனைக்குடியில் இருந்தார். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். அவர் கட்டிய இரண்டு வீடுகளில் கடலோரத்து வீடு அத்திவாரத்தோடு போனது, ஆட்கள் தப்பினார்கள். அதே அலை மாலைதீவிலும் நூறு பேரளவில் கொண்டுபோனது. ரா அடொலில் கந்தொல்ஹுதூ என்ற தீவையே மக்கள் கைவிட்டார்கள். புது வருடத்தில் அவர் திரும்பிப் போனபோது வகுப்புப் பிள்ளைகள் அவருடைய ஊரைப் பற்றி முதல் தடவையாகக் கேள்வி கேட்டார்கள். அந்த வீட்டுக்காக இன்னும் மூன்று வருடம் படிப்பித்தார்.

இப்போது மீண்டும் கேட்கிறார்கள். 2022இல் ரூபாய் விழுந்தபோது, அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போக அரசாங்கம் சுற்றறிக்கை போட்டது. போகிறவர்கள் பணத்தைப் பற்றி ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாலைதீவில் சம்பளம் ருஃபியாவில். ஒரு டொலருக்கு 15.42 என்பது வங்கி விலை. அந்த விலைக்கு டொலர் எளிதில் கிடைக்காது. வெளியே வாங்கினால் விலை கூட, ஊருக்கு வரும் தொகை குறையும். சம்பளத்தை வங்கி விலையில் பெருக்கிப் பார்த்துக் கடன் எடுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் தங்குமிடம், பயணச்சீட்டு, விடுமுறைச் சம்பளம் மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போக வேண்டாம். கடவுச்சீட்டை யாரிடமும் வைத்துவிட்டு இருக்க வேண்டாம்.

போகிறவர் விட்டுப்போகும் வகுப்பைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை. சம்பளமற்ற விடுமுறையில் போனவரின் இடம் பெயரளவில் அவருடையதாகவே இருக்கும். பதிலுக்கு ஒருவர் வரும்வரை ஆங்கிலப் பாடவேளையில் வேறு பாட ஆசிரியர் வந்து அமைதியாக இருக்கச் சொல்வார். என் லாத்தாவின் மகளுக்குப் பத்தாம் வகுப்பு. அவளுடைய பாடசாலையில் இந்தத் தவணை நிலைமை அதுதான். அவள் பின்னேரம் ரியூஷனுக்குப் போகிறாள். அங்கே படிப்பிப்பவர் மாலைதீவில் பதினொரு வருடம் இருந்து வந்தவர். தமிழில் அர்த்தம் சொல்ல மாட்டார், படம் வரைந்துதான் காட்டுவார்.