பழைய பாக்கியோடு தொடங்கும் புதுக்கணக்கு

தமிழ்நாடு சித்திரை முதல் நாளைக் கொண்டாடி முடித்த மறுநாள், பெரும்பாலும் ஏப்ரல் 15 அன்று, வங்காளத்துக்குப் புத்தாண்டு பிறக்கிறது. அன்று கொல்கத்தாவின் தென்பகுதியான டாலிகஞ்சில் நகைக் கடைக்காரரும் மளிகைக் கடைக்காரரும் புதுக்கணக்கு போடுகிறார்கள். இந்தச் சடங்குக்கு ஹால்காத்தா என்று பெயர். முரட்டுச் சிவப்புத் துணியில் அட்டை, தடித்த வெள்ளை நூலில் தையல் என்று இருக்கும் அந்த ஏட்டைக் கேரோ காத்தா என்பார்கள். வருஷா வருஷம் சபதம் எடுத்து மாசிக்குள் மறந்துவிடுகிற நம்மைப் போன்றவர்கள், இந்த ஏடு எங்கே பிறக்கிறது, எங்கெல்லாம் போகிறது என்று ஒருமுறை பின்தொடர்ந்து பார்க்க வேண்டும்.

கொல்கத்தாவின் சியால்தா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பைடக்கானா என்ற கடைத்தெரு இருக்கிறது. காகித வியாபாரிகளும் புத்தகம் கட்டுகிறவர்களும் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்கிற இடம். தாளை மடித்து அடுக்கி, நடுவில் ஊசி ஏற்றி, நூலை இழுத்து முடிச்சுப் போட்டு, பசை தடவிய துணியை மேலே போர்த்திவிட்டால் ஏடு தயார். பளபளப்பு எதுவும் இருக்காது. கல்லாப் பெட்டிக்கு மேல் ஓராண்டு கிடக்க வேண்டும். எண்ணெய்க் கையும் வியர்வைக் கையும் நாளுக்குப் பத்து முறை புரட்டும். அத்தனையும் தாங்குவதற்காகவே அந்த முரட்டுத் துணியும் தடித்த நூலும்.

ஏட்டின் பரம்பரை நவாபுகள் காலம் வரை போகிறது. வங்காளத்தில் புண்ணியாக என்றொரு சடங்கு இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை ஜமீன்தார்கள் முர்ஷிதாபாத்தில் கூடி, போன ஆண்டின் வரிப் பாக்கியைத் தீர்த்து, வரும் ஆண்டுக்கான தொகையை ஒப்புக்கொள்வார்கள். மரியாதைக்கு அவர்களுக்கு அங்கி போர்த்துவார்கள். 1765இல் கிழக்கிந்தியக் கம்பெனி வரி வசூலிக்கும் திவானி உரிமையை வாங்கிக்கொண்டது. அடுத்த ஆண்டே ராபர்ட் கிளைவ் மோதிஜீல் அரண்மனையில் நவாபின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சடங்கை நடத்தினார். ஊரையே பிடித்தவர்களுக்குக்கூட அந்த ஒரு நாளை விட மனம் வரவில்லை. ஜமீன்தார்கள் தங்கள் கிராமங்களில் குடியானவர்களை அழைத்து இதே சடங்கைச் செய்தார்கள். கடைத்தெருவில் அதற்கு நிகராக நின்றதுதான் ஹால்காத்தா. ஜமீன்தாரி முறை ஒழிந்தது, புண்ணியாகச் சடங்கும் போனது. கடைக்காரரின் ஏடு தங்கிவிட்டது.

புத்தாண்டு விடியற்காலையில் ஏடு முதலில் போகும் இடம் காளிகாட் காளி கோயில். இப்போதைய கோயில் 1809இல் எழும்பியது. கூடையில் மண்ணால் செய்த சின்ன லட்சுமி, கணேசர். பக்கத்தில் செம்பருத்தி மாலை, இனிப்பு. அவற்றோடு புது ஏடு. கடைக்காரர்கள் இருட்டிலேயே வந்து வரிசையில் நிற்பார்கள். பூசாரி ஏட்டின் முதல் பக்கத்தில் செந்தூரத்தால் ஸ்வஸ்திகம் வரைவார். செந்தூரத்தில் ஒரு நாணயத்தைத் தோய்த்துத் தாளில் முத்திரைபோல் அழுத்துவதும் உண்டு. அந்த ஈரம் காயும்வரை கடைக்காரர் ஏட்டைத் திறந்தபடியே கையில் ஏந்தி நடப்பார். நம் ஊரில் மஞ்சள் குங்குமம் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, லாபம் என்று எழுதித் தொடங்குகிற அதே பக்திதான் இங்கேயும்.

காளிகாட்டிலிருந்து டாலிகஞ்ச் மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம். கோயிலை ஒட்டி ஓடும் ஆதி கங்கை தூர்ந்து கிடந்தபோது 1770களில் வில்லியம் டாலி என்ற கம்பெனி அதிகாரி அதை வெட்டிச் சீர்ப்படுத்தினார். டாலிகஞ்ச் என்ற பேரில் இருப்பது அவர்தான்.

டாலிகஞ்சுக்குத் திரும்பிய ஏட்டின் உண்மையான வேலை சாயங்காலம் தொடங்குகிறது. வாடிக்கையாளர்களுக்கு முன்னதாகவே அழைப்பிதழ் போயிருக்கும். வருகிறவர்களுக்குக் குளிர்பானம், ஒரு பெட்டி இனிப்பு, வங்காள நாட்காட்டி. நலம் விசாரித்து முடித்ததும் கடைக்காரர் பழைய ஏட்டைப் புரட்டி வந்தவர் பேர் உள்ள பக்கத்தை எடுப்பார். வாங்கிய சரக்கு, கொடுத்த பணம், நிற்கிற பாக்கி. மூன்றையும் இருவரும் சேர்ந்து பார்ப்பார்கள். முழுதாகத் தீர்க்க முடிந்தால் தீர்ப்பார். முடியாவிட்டால் முடிந்ததைக் கொடுப்பார். மிச்சம் புது ஏட்டில் அவர் பேருக்குக் கீழே முதல் வரியாக ஏறும்.

ஏடு நமக்குச் சொல்லித்தருவது இந்த முதல் வரியைத்தான். செந்தூரம் பூசிய அந்தப் புத்தம் புது ஏடு வெற்று ஏடாகத் தொடங்குவதில்லை. போன ஆண்டு பாக்கியைச் சுமந்துகொண்டே பிறக்கிறது.

ஜனவரி முதல் தேதி நாம் எடுக்கும் சபதங்களுக்கு இந்த முதல் வரி கிடையாது. போன ஆண்டு என்ன நினைத்தோம், எதுவரை வந்தோம், எங்கே நின்றோம் என்று பார்க்காமலே அடுத்த பட்டியல் போடுகிறோம். அமெரிக்க உளவியலாளர் ஜான் நார்கிராஸ் 1980களில் புத்தாண்டுச் சபதம் எடுத்த 200 பேரைத் தொடர்ந்து கவனித்தார். ஒரு வாரம் முடிந்தபோது 77 சதவீதம் பேர் சபதத்தில் நின்றார்கள். இரண்டு ஆண்டுக்குப் பின் 19 சதவீதம் பேர்தான் மிஞ்சினார்கள். மற்றவர்கள் மனவுறுதி இல்லாதவர்கள் என்று சொல்லிவிட மனம் வரவில்லை. டாலிகஞ்ச் வாடிக்கையாளரும் நம்மைப் போல மறதியும் சோம்பலும் உள்ளவர்தான். ஆனால் அவருக்குக் கெடு நாள் ஒன்று உண்டு. எதிரே உட்கார ஓர் ஆள் உண்டு. இருவரும் பார்க்கும்படி எழுதிய எழுத்து உண்டு. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்று நம் பெரியவர்கள் கேட்டார்களே, அதே விவேகம்தான்.

டாலிகஞ்சில் இந்த ஏடு கடையோடு நின்றுவிடவில்லை. 1930களிலிருந்தே வங்காள சினிமாவின் வீடு டாலிகஞ்ச்தான். நியூ தியேட்டர்ஸ், இந்திரபுரி, டெக்னீஷியன்ஸ் என்று ஸ்டூடியோக்கள் வரிசையாக எழும்பின. புத்தாண்டு நாளில் புதுப் படங்களுக்கு முகூர்த்தம் போடும் பழக்கம் அங்கே வெகுகாலம் இருந்தது. வியாபாரி புதுக்கணக்கு போடுகிற நாளில் படக்காரர் புதுப்படத்துக்குப் பூஜை போட்டார்.

அதே கேரோ காத்தாவைத்தான் வங்காளத் திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராய் எடுத்துக்கொண்டார். விலையுயர்ந்த தாள் அவருக்குப் புதிதல்ல; தாத்தா உபேந்திரகிஷோர் அச்சுத் தொழிலில் பேர் வாங்கியவர், ராயும் விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்தவர். இருந்தும் திரைக்கதை எழுத அவர் கை போனது மளிகைக் கடை ஏட்டுக்கு. ஒரு பக்கத்தில் வசனம் இருக்கும், பக்கத்திலேயே அந்தக் காட்சியின் படம் கோட்டோவியமாக நிற்கும். உடை எப்படி, செட் எப்படி, யார் எந்த வேடம், பாட்டுக்கு என்ன சுரம் என்று எல்லாம் அந்த ஏட்டில்தான். வரவு செலவு எழுதப் பிறந்த தாளில் ஒரு கலைஞன் தன் வேலைக்கான பொறுப்பை எழுதி வைத்தான். அந்த ஏடுகளில் பல இன்றைக்கும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன.

பாக்கியைச் சுமப்பது எப்படி என்பதையும் ராய் வாழ்ந்தே காட்டினார். அவருடைய முதல் படமான ‘பதேர் பாஞ்சாலி’ 1955இல் வந்தது. அதற்கு முன்பே, 1940களின் இறுதியில், தாகூரின் ‘கரே பாய்ரே’ நாவலுக்கு அவர் திரைக்கதை எழுதியிருந்தார். தயாரிப்பாளர் மாற்றங்கள் கேட்டார், ராய் மறுத்தார், படம் நின்றுபோனது. வேறு யாராவது அதோடு தலைமுழுகியிருப்பார்கள். ராய் அந்தக் கணக்கைக் கிழித்தெறியவில்லை. பல ஆண்டுகள் கழித்துப் பழைய பிரதியை எடுத்துப் படித்தபோது அது பக்குவமில்லாத எழுத்து என்று அவருக்கே தோன்றியது. அன்றைக்குப் படமாகாததே நல்லது என்று நினைத்தார். புதிதாக எழுதினார். 1983இல் அதைப் படமாக்கும்போதே மாரடைப்பு வந்தது. மகன் சந்தீப் துணைநின்று மீதி வேலையை முடித்தார். 1984இல் படம் வெளிவந்தது. ஏறக்குறைய 35 ஆண்டுப் பாக்கி அன்றைக்குத்தான் தீர்ந்தது.

ஆண்டு இலக்கு என்று வைத்துக்கொள்ளும் ஒவ்வொருவரும் இதை நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். போன ஆண்டு முடியாத வேலையைப் போன ஆண்டு எழுதியபடியே திரும்ப எழுதுவது கணக்கு பார்ப்பதாகாது. வயது மாறியிருக்கிறது, புத்தி மாறியிருக்கிறது, வேலையின் அளவும் மாறியிருக்கும். எடுத்துப் படித்து, இப்போதைய அறிவில் திருத்தி, அதன் பிறகு புதுப் பக்கத்தில் ஏற்ற வேண்டும். மாரடைப்புக்குப் பின் வெளிப்புறப் படப்பிடிப்பு கூடாது என்று மருத்துவர்கள் தடுத்தபோது, ராய் ஸ்டூடியோவுக்குள்ளேயே எடுக்கக்கூடிய கதையாக நார்வே நாடகாசிரியர் இப்சனின் நாடகத்தைத் தேர்ந்து ‘கணசத்ரு’வை 1989இல் கொடுத்தார். இலக்கு நின்றது, வழி மாறியது.

வராத கடனும் அவருக்கு இருந்தது. ஹாலிவுட்டுக்காக 1967இல் எழுதிய ‘தி ஏலியன்’ படமாகவே இல்லை. நல்ல வியாபாரிக்கு எந்தப் பாக்கியைச் சுமப்பது, எதைத் தள்ளுபடி செய்வது என்று தெரியும். தள்ளுபடியையும் ஏட்டில் எழுதித்தான் தள்ள வேண்டும். எழுதாமல் விட்டது மனசின் மூலையில் வட்டி போட்டுக்கொண்டே கிடக்கும்.

தமிழருக்கு இதெல்லாம் புதிதே அல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், கடைக்கு ஏஜெண்டு வைக்கும்போது பெரும்பாலும் மூன்று ஆண்டுக் கெடு வைத்தார்கள். அங்கிருந்து கணக்கு செட்டிநாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். கெடு முடிந்ததும் ஐந்தொகை போட்டு, லாப நஷ்டம் பார்த்து, ஏஜெண்டு ஊர் திரும்புவார்; அவர் விட்ட பாக்கியை அடுத்து வருபவர் கையேற்பார். கடல் கடந்த தூரத்திலும் நம்பிக்கை நிலைத்தது பேரேட்டால்தான். காந்தியும் லண்டனில் படித்த நாட்களில் பேருந்துக் கட்டணம், தபால் செலவு வரை ஒவ்வொரு காசையும் எழுதி, இரவு படுக்கும் முன் மீதியைச் சரிபார்த்தார். பின்னாளில் பொதுப் பணம் லட்சக்கணக்கில் அவர் கையில் புழங்கியபோது அந்தப் பழக்கமே அவரைக் காத்தது.

இன்றைக்கு ஏட்டின் பழைய வேலை பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. 2017 ஜூலை முதல் ஜிஎஸ்டி வந்தபின் கணக்கெல்லாம் திரையில்தான். பல கடைகளில் சிவப்பு ஏடு காளிகாட்டுக்குப் போய்வந்து, பூஜையில் வைத்ததோடு நின்றுவிடுகிறது. கட்டுகிறவர்களுக்கும் வேலை சுருங்கியிருக்கிறது. கம்ப்யூட்டர் கூட்டலைப் பிழையில்லாமல் செய்யும். ஆனால் ஒரு மனிதரை அழைத்து, இனிப்பு கொடுத்து, இதோ உங்கள் பக்கம் என்று திறந்து காட்டுகிற வேலையை அது செய்யாது. ஹால்காத்தாவின் உயிரே அந்த அழைப்பில்தான் இருக்கிறது.

அந்த உயிரை வீட்டுக்குள் கொண்டுவர நம்மால் முடியும். தடித்த நோட்டு ஒன்று போதும். பக்கத்துக்கு ஓர் இலக்கு எழுதுங்கள். உடம்பு, படிப்பு, கடன், பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு, எழுத நினைத்த புத்தகம். தலைப்புக்குக் கீழே முதல் வரியாகப் போன ஆண்டின் பாக்கியை எழுதுங்கள்: எவ்வளவு நடந்தது, எவ்வளவு நிற்கிறது. அடுத்த வரியில் இந்த இலக்கை யாரிடம் ஒப்புக்கொண்டீர்கள் என்று ஓர் ஆளின் பேர். அதற்குக் கீழே அவரோடு உட்காரப் போகும் தேதி. சித்திரை முதல் நாளானாலும் சரி, தை முதல் நாளானாலும் சரி, நாள் மட்டும் மாறக் கூடாது. உட்கார்ந்தால் திட்டும் கோபமும் வேண்டாம். ஹால்காத்தா நாளில் பாக்கி வைத்தவரை யாரும் அவமானப்படுத்துவதில்லை. அடுத்த ஆண்டும் அவர் கடைக்கு வர வேண்டும் என்பதுதான் கடைக்காரரின் ஆசை. நமக்கு நாமே அப்படி இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பாக்கி இருப்பது வெட்கமில்லை. கணக்கில் பேர் இருக்கிறவனுக்குத்தான் பாக்கி இருக்கும், அவனைத்தான் கடைக்காரர் விருந்துக்கு அழைப்பார். அடுத்த புத்தாண்டுக்கு உங்கள் பக்கத்தைத் திறந்து பார்க்கப் போகிற அந்த ஒருவர் யார் என்று இன்றைக்கே முடிவு செய்து, அவரிடம் தேதியைச் சொல்லிவிடுங்கள்.