1941-க்கான காலிக் கட்டம்

மலாயாவில் 1941-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பை இரண்டாம் உலகப் போர் விழுங்கியது.

சிங்கப்பூரையும் சேர்த்து 1931-இல் இந்தியர்கள் சுமார் 6.22 லட்சம், 1947-இல் 6 லட்சம். பொருளாதார மந்தத்தில் ஊர் திரும்பியவர்களும் இந்தக் குறைவில் அடக்கம். ஆனால் அது மட்டுமல்ல: மலாயாவைப் பிடித்த ஜப்பானியர் தோட்டத் தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதைக்கு ஏற்றிப்போனார்கள். தோட்டத்தில் பிரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) நின்றவர்களைக் கிராணி, அதாவது எழுத்தர், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பதிந்துவந்தார். சயாமில் செத்தவர்களை முழுதாகப் பதிய ஆளில்லை. அதே பாதையில் இறந்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்கோ காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு.

அப்படி இறந்த தமிழர்களில் கிடைத்தவர்களின் பெயர்களைக் கிள்ளானில் ஒருவர் எஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். தோட்டவாரியாக இறந்த தேதியை ‘கவுண்ட்’ செய்தால், தேதி தெரியாதவர்கள் கழன்றுவிடுவார்கள். ஒரு தேதிகூட இல்லாத தோட்டத்துக்கு விடை பூஜ்யம்! ‘கவுண்ட் ஸ்டார்’ போட்டால் தேதி தெரியாதவர்களும் சேர்வார்கள். தோட்டமே தெரியாதவர்கள் தனிக் குழுவாக நிற்பார்கள்.