காற்றின் குரலும் கதவின் விளிம்பும்

அகநானூற்றின் 82ஆம் பாடலில் கபிலர் ஒரு மலைச்சாரலை இசையரங்காகக் காட்டுகிறார். அசைந்தாடும் மூங்கிலின் துளைகளில் கோடைக்காற்று புகுந்து குழலிசையாக வெளிப்படுகின்றது. வகுப்பறைகளில் இப்பாடல் பெரிதும் உவமை நயத்துக்காகவே பயிற்றுவிக்கப்படுகின்றது. ஆயினும் அதனுள் இயற்பியல் உண்மை ஒன்றும் அடங்கியுள்ளது. வெட்டவெளியில் தடையின்றிச் செல்லும் காற்று பாடுவதில்லை. அது பாடுவதற்குத் துளையோ, விளிம்போ, குறுக்கே நிற்கும் பொருளோ வேண்டும். நெடுஞ்சாலையில் விரையும் ஸ்போர்ட்ஸ் காரினுள் எழும் சீழ்க்கையொலியின் பிறப்பிடத்தை மனிதர் தேடிக் கண்ட வரலாறு, இவ்வுண்மையை மீண்டும் கற்றுக்கொண்ட வரலாறே எனலாம்.

தொடக்க கால ஸ்போர்ட்ஸ் கார்களில் இத்தேடலுக்கு இடமே இருக்கவில்லை. அவை கூரையற்றவை, ஓட்டுபவரின் செவியிலேயே காற்று மோதியது. பத்து தீகாவில் 1968இல் திறக்கப்பட்டு, 2003இல் இடிக்கப்பட்ட பந்தயத் திடலில் ஓடிய கார்களிலும் இயந்திரத்தின் முழக்கம் ஏனைய ஒலிகளையெல்லாம் விழுங்கிவிட்டது. இயந்திரம் அடங்கி, கூரை மூடி, சாலை நீண்ட பிறகே காற்று தனித்துக் கேட்கலாயிற்று. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையும், 1994இல் முழுமையுற்ற வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையும் அத்தகைய சாலைகள். பின்னதில் விதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர்.

இவ்வொலிக்கு முதன்முதலில் கணக்கு வகுத்தவர்களுள் செக் நாட்டு இயற்பியலறிஞர் ஸ்ட்ரூகல் குறிப்பிடத்தக்கவர். 1878இல் அவர் கம்பிகளைக் காற்றினூடே சுழற்றி, எழும் ஒலியின் சுருதியை அளந்தார். கம்பி எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்து அச்சுருதி அமையவில்லை. காற்றின் வேகமும் கம்பியின் தடிமனுமே அதனைத் தீர்மானித்தன. கம்பியின் பின்னால் இருபுறமும் மாறிமாறிக் கழன்று செல்லும் சுழல்களே அதற்குக் காரணம் என்பதைப் பின்வந்தோர் விளக்கினர். 1911இல் கார்மான் அச்சுழல் வரிசைக்குக் கணித வடிவம் தந்தார். வேகத்தைத் தடிமனால் வகுத்து, அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை எடுத்தால் சுருதி கிடைக்கும். மணிக்கு 110 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 30.6 மீட்டர். 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள வானொலிக் கம்பி அவ்வேகத்தில் நொடிக்கு 1,200 அதிர்வுகளை ஒட்டி ஒலிக்கும். பல கார்களின் வானொலிக் கம்பியில் திருகு போலச் சுற்றப்பட்டுள்ள புரி அழகுக்காக அமைந்ததன்று. சுழல்கள் ஒரே சீராகக் கழலாதபடி கலைப்பதற்காகவே அது சுற்றப்படுகின்றது.

காற்றொலியின் வலிமையைப் பற்றிய தெளிவு 1950களில் பிறந்தது. காற்றோட்டம் ஒலியைப் பிறப்பிக்கும் முறைக்கு 1952இல் லைட்ஹில் அடிப்படை வகுத்தார். திடப்பொருளின் மீது காற்று மோதும் நிலைக்கு 1955இல் கர்ல் அதனை விரித்துரைத்தார். அதன்படி ஒலியின் ஆற்றல் வேகத்தின் ஆறாம் அடுக்காக உயர்கின்றது. மணிக்கு 55 கிலோமீட்டரிலிருந்து 110க்கு வேகம் இரட்டித்தால், ஒலியாற்றல் இரு மடங்கன்று, 64 மடங்கு பெருகும். பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் வாய் திறவாத கார் நெடுஞ்சாலை ஏறியதும் ஓலமிடுவது இதனாலேயே.

கணக்கு தெளிவாயினும், ஓட்டை எங்குள்ளது என்பதை அது சொல்லாது. பட்டறையில் நிற்கும் காரில் கதவும் கண்ணாடியும் நெருங்கப் பொருந்தியிருக்கும். விளக்கொளி பாய்ச்சினாலும் இடைவெளி தெரியாது. ஓடும்போதோ முன்கண்ணாடித் தூணைச் சுற்றி வளையும் காற்று வேகம் கூடி, அவ்விடத்து வெளியழுத்தம் குறைகின்றது. உள்ளே அழுத்தம் மிகுந்திருப்பதால் பக்கக் கண்ணாடி வெளிநோக்கி இழுக்கப்படுகின்றது. ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் கதவுக் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் இல்லை. அதன் மேல்விளிம்பு ரப்பரின் மீது சாய்ந்து நிற்பதோடு சரி. ஆதலால் ஒரு மில்லிமீட்டர் விலகினும் போதும், காற்று வெளியே பீறிட்டுச் சீழ்க்கையடிக்கும். கார் நின்றவுடன் கண்ணாடி தன்னிடத்துக்குத் திரும்பிவிடும். ஓடும்போது மட்டுமே உள்ள குறையை நிற்கும்போது தேடியதே தொழிலாளர் பலரின் நெடுநாள் அலைச்சலுக்குக் காரணம்.

இவ்வலைச்சலுக்கு விடை தந்த கருவி மிக மலிவானது: ஒட்டுநாடா. முதலில் காற்றொலிதானா என்பதை உறுதி செய்வர். வேகம் மாறாமல் கியரை மாற்றினால் இயந்திரத்தின் ஒலி மாறும். தாரிலிருந்து கான்கிரீட்டுக்கு ஏறினால் டயரின் ஒலி மாறும். இரண்டிலும் மாறாதது காற்றொலி. பின்னர்க் கதவு இடுக்கு, தூணின் ஓரம், பக்கக் கண்ணாடியின் அடி, கூரை மடிப்பு ஆகிய அனைத்தின் மீதும் நாடா ஒட்டி, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டுவர். ஒலி அடங்கினால், ஒவ்வொரு நாடாவாக உரித்து மீண்டும் ஓட்டுவர். எந்த நாடா நீங்கியதும் ஒலி திரும்புகின்றதோ, அங்கே குறை. ஒருவர் ஓட்ட, மற்றொருவர் ரப்பர்க் குழாயின் ஒரு முனையைச் செவியில் வைத்து, மறுமுனையை விளிம்பு நெடுகக் கொண்டு செல்வதும் உண்டு. ஒலிவாங்கிகளை அணிவகுத்து ஒலியைப் படமாகவே காட்டும் காற்றுச்சுரங்கங்கள் இன்று உள்ளன. எனினும் ஒட்டுநாடா வழக்கொழியவில்லை.

ஷா ஆலாமில் கார் செய்த புரோட்டோன் நிறுவனம் 1996இல் இங்கிலாந்தின் லோட்டஸ் ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனத்தை வாங்கியது. 2017இல் அது கைமாறியது. எடையைக் குறைப்பதையே கொள்கையாகக் கொண்ட லோட்டஸ் கார்களில் ஒலியை உறிஞ்சும் திணிப்பு குறைவு. ஆகவே கதவு ரப்பரின் பொறுப்பு அவற்றில் இன்னும் பெரிது.

ரப்பர் என்றதும் கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாறு நினைவுக்கு வராமல் இராது. இன்று ஷா ஆலாம் நகரம் நிற்கும் நிலம் ஒருகாலத்தில் தோட்ட நிலம். இருள் பிரியுமுன் எழுந்து, பால்மரத்தைக் கீறி, மங்கில் பால் சேர்த்த தமிழர் தலைமுறைகள் அப்பகுதியில் வாழ்ந்தன. 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறிய சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலிருந்து ரப்பர் கப்பலேறியது. உலகின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி டயராயிற்று; சிறுபகுதி காரின் கதவோரங்களுக்குச் சென்றது. ஆனால் கதவோரத்தில் அது நெடுநாள் நிலைக்கவில்லை. இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஓசோன் அறுக்கும். வெயில் அதனை வறட்டும். விளிம்பில் வெடிப்பு விழும். வெடிப்பில் காற்று புகும். முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பற்ற ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பர் 1960களில் விற்பனைக்கு வந்ததும், கதவோரத்தை அதுவே கைக்கொண்டது. பால்மரத்தின் பயன் டயரில் நீடித்தது. தோட்டங்கள் நகரங்களாயின, அத்தோட்டத்தார் வழிவந்தோர் சிலர் இன்று பட்டறைகளில் கார்களைச் செப்பனிடுகின்றனர்.

செயற்கை ரப்பருக்கும் முதுமை உண்டு. ஆண்டெல்லாம் வெயிலும் மழையும் மாறிமாறி அடிக்கும் இந்நாட்டில், திறந்தவெளியில் நிறுத்தப்படும் காரின் கதவு ரப்பர் அழுந்திய வடிவிலேயே இறுகிப்போகின்றது. பழகிய தொழிலாளி ஒட்டுநாடாவை எடுக்குமுன் இரண்டு சோதனைகளைச் செய்கிறார். ரப்பரை விரலால் அழுத்தி, அது மீண்டெழுகின்றதா எனப் பார்க்கிறார். பின்னர்க் கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி, மெல்ல இழுக்கிறார். காகிதம் தடையின்றி வழுக்கி வருமிடத்தில் சுண்ணக்கட்டியால் குறியிட்டுவிட்டு, அடுத்த சாண் தூரத்துக்கு நகர்கிறார்.