தாஷி: மிசோ சூப்பில் மறைந்திருக்கும் மீன்

ஜப்பானிய உணவகத்தில் மிசோ சூப் வருகிறது. தோஃபுத் துண்டுகளும் வெங்காயத் தாளும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. சைவம் என்று நினைத்து விரத நாளிலும் சிலர் குடித்துவிடுவதுண்டு. ஆனால், அந்தச் சூப்பின் அடிப்படையான 'தாஷி' பெரும்பாலும் மீனில் எடுக்கப்படுவது.

'தாசு' என்றால் ஜப்பானிய மொழியில் வெளியே எடுப்பது. அதிலிருந்து வந்த 'தாஷி', பொருளின் சுவையை நீரில் இறக்கி எடுத்த சாற்றைக் குறிக்கிறது.

வழக்கமான தாஷிக்கு இரண்டு பொருள்கள் போதும். ஒன்று, 'கொம்பு' எனப்படும் உலர்ந்த கடற்பாசி. மற்றொன்று 'கட்சுவோபுஷி'. இது சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோல் காயவைத்துச் சீவியது. நமது மாசிக் கருவாட்டுக்கு உறவு என்று சொல்லலாம். கடற்பாசியை நீரில் மெதுவாகச் சூடாக்கி, கொதி வருமுன் எடுத்துவிடுவார்கள். பின் மீன் சீவலைப் போட்டுச் சில நிமிடங்களில் வடிகட்டுவார்கள். எலும்பு சூப்பைப்போல் மணிக்கணக்கில் கொதிக்கவிடுவதில்லை. முதலில் வடித்தது 'இச்சிபான் தாஷி'. அதே சக்கையில் மீண்டும் எடுப்பது 'நிபான் தாஷி'. நெத்திலி போன்ற சிறு கருவாட்டில் எடுப்பது 'நிபோஷி தாஷி'.

இதன் சுவைக்குக் காரணம் என்ன என்று ஆராய்ந்தவர் தோக்கியோ வேதியியல் பேராசிரியர் கிக்குனாயே இக்கேடா. 1908-இல் அவர் கடற்பாசியிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அச்சுவைக்கு 'உமாமி' எனப் பெயரிட்டார். மறு ஆண்டே அது 'அஜினோமோட்டோ' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நம் வீட்டு அடுப்படிகளுக்கும் வந்து சேர்ந்த அந்தத் தூளின் தொடக்கம் தாஷிதான்.

சைவ உணவாளர்கள் மிசோ சூப்போடு நின்றுவிடாமல் உடோன், சோபா குழம்பு, தெம்புரா தொட்டுக்கொள்ளும் சாறு, 'அகேதாஷி தோஃபு' ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும். "இறைச்சி உண்டா?" என்று மட்டும் கேட்டால் போதாது, "தாஷி எதில் எடுத்தது?" என்று கேட்பதே சரி. தாஷித் தூள் வாங்கும்போது, பொட்டலத்தில் 'போனிட்டோ' என்றிருந்தால் அது மீன்.

மாற்று வழியும் ஜப்பானிலேயே உண்டு. பௌத்த மடங்களின் 'ஷோஜின்' சமையலில் கடற்பாசியும் உலர்ந்த ஷிட்டாகே காளானும் மட்டுமே சேர்த்துத் தாஷி எடுக்கிறார்கள். இரண்டையும் இரவு நீரில் ஊறவைத்தால், காலையில் வீட்டிலேயே சைவத் தாஷி தயார்.