ராயபுரத்திலிருந்து பம்பாய் எவ்வளவு தூரம்?

சென்னையிலிருந்து மும்பைக்கு நேர்க்கோடு போட்டால் சுமார் 1,030 கி.மீ. விமானத்தில் இரண்டு மணி நேரம். அவ்வளவுதானா?

கொஞ்சம் பின்னால போவோம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில்தான் கிளம்பியது. வாலாஜா ரோடு வரைக்கும். 1871இல் சென்னைப் பாதையும் பம்பாய்ப் பாதையும் ராய்ச்சூரில் சேர்ந்தன. அப்போ பம்பாய்க்குப் போக ராயபுரந்தான் வாசல். 1873இல் சென்ட்ரல் வந்தது. வாசல் நகர ஆரம்பிச்சது.

1932 அக்டோபரில் டாட்டாவின் முதல் தபால் விமானம். கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஓட்டியவர் ஜே.ஆர்.டி. டாட்டா, அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். விமானத்துக்கான வாசல் நகரத்தின் தென்கோடியில், மீனம்பாக்கத்தில் அமைந்தது.

விளைவு? திருவொற்றியூர் பக்கம் விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் விமான நிலையம் சுமார் 32 கி.மீ.; ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த மெட்ரோவே 2021இல்தான் இங்கே எட்டிப் பார்த்தது. எண்ணூர்க்காரருக்கு இன்னும் கூடுதல் நேரம்.

அதாவது, மும்பைக்குப் பறக்கும் நேரத்தில் பாதி, சொந்த ஊரைத் தாண்டவே போயிடுது. பயண நேரம்னு நாம சொல்றது விமானம் கிளம்புற இடத்துலேர்ந்து போடுற கணக்கு. வடசென்னைக்காரர் தன் வீட்டு வாசல்லேர்ந்து போட்டுப் பார்த்தால்தான், வாசல் இடம்மாறியதன் விலை தெரியும்.