பெலாண்டா கோழியும் பெயரிழந்த பலகாரமும்



சில வாரங்களுக்கு முன்பு ஐந்தாம் ஆண்டு வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லியே இதனைத் தொடங்க வேண்டும். மலாய்மொழிக் கதை ஒன்றில் 'ஆயாம் பெலாண்டா' என்னும் சொல்லைக் கண்ட மாணவன் ஒருவன், "டீச்சர், அது ஒல்லாந்துக் கோழியா?" என்று கேட்டான். வான்கோழியைத்தான் மலாய்மொழியில் அவ்வாறு அழைக்கிறார்கள். பயிற்சி நூல்களைத் திருத்திக்கொண்டிருந்த நான் தலை நிமிராமலே, "ஆமாம், ஒல்லாந்தர் மலாக்காவை ஆண்டபோது தங்கள் நாட்டிலிருந்து கொண்டுவந்த கோழி" என்று சொல்லிவிட்டேன். வகுப்பிலிருந்த அத்தனை பேரும் அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர்.

அன்றிரவு ஏதோ உறுத்தவே, அகராதிகளைப் புரட்டினேன். நான் சொன்னது தவறு. வான்கோழியின் தாயகம் ஒல்லாந்து அன்று, அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ நாட்டுப் பழங்குடியினர் வளர்த்த பறவையை ஸ்பானியர் 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிற்குக் கொண்டுசென்றனர். அதன் பின்னர் நடந்ததுதான் வேடிக்கை! ஆங்கிலேயர் அதனைத் துருக்கிக் கோழி என்றனர். துருக்கியரோ இந்தியக் கோழி என்றனர். ஒல்லாந்தர் அதற்கு வைத்த பெயர் 'கால்கூன்'; அதாவது கள்ளிக்கோட்டைக் கோழி! நம் மலையாளக் கரையின் கள்ளிக்கோட்டைதான். மலாய்க்காரர் ஒல்லாந்தரைக் காட்டுகின்றனர், ஒல்லாந்தர் நம்மைக் காட்டுகின்றனர். எந்த நாட்டின் பெயரையும் இழுக்காமல் 'வான்கோழி' என்று சொல்லிவிட்டுப் போன தமிழ் முன்னோரை எண்ணி அன்றிரவு சற்றே பெருமிதம் கொண்டேன்.

'டுரியான் பெலாண்டா' எனப்படும் முள்சீத்தாவும் அமெரிக்கக் கண்டத்துப் பழமே. போர்னியோ காடுகளில் மட்டும் வாழும் நீண்ட மூக்குக் குரங்குக்குக்கூட 'மோஞெட் பெலாண்டா' என்றொரு பெயர் உண்டு. அது ஒல்லாந்துக் கப்பலில் வந்ததன்று. அதன் பெரிய மூக்கும் தொப்பையும் யாரையோ நினைவூட்டியிருக்கின்றன, அவ்வளவுதான். அயலிலிருந்து வந்தது, அயலாரைப் போன்றது என்னும் பொருளில் 'பெலாண்டா' ஒட்டிக்கொண்டது.

அப்படியானால் ஒல்லாந்தரின் உணவு நம்மிடையே எதுவும் இல்லையா? இருக்கிறது. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை பெயரை இழந்துவிட்டன.

நம் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையிலும் பினாங்குக் கடைகளிலும் சோத்தோவுடன் தரும் 'பெர்கெடில்' நினைவிருக்கிறதா? வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கை உருட்டித் தட்டி, முட்டையில் தோய்த்துப் பொரித்தெடுப்பது. அச்சொல்லின் மூலம் 'ஃபிரிக்கடெல்' என்னும் ஒல்லாந்தச் சொல். அவர்கள் நாட்டில் அது கொத்திறைச்சி உருண்டை. ஜாதிக்காய்த் தூள் சேர்த்துப் பிசைவார்கள். ஜாவாவிற்கு வந்து இறைச்சி குறைந்தது, உருளைக்கிழங்கு நிறைந்தது, பெயரும் உருண்டு 'பெர்கெடில்' ஆயிற்று.

அதே உருண்டை இலங்கையில் இறைச்சியாகவே நின்றுவிட்டது. அங்கே ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் சமூகத்தின் பெருமைமிகு உணவு 'லம்பிரைஸ்'. இறைச்சிச் சாற்றில் வெந்த சோறு, பலவகை இறைச்சி சேர்ந்த கறி, கத்தரிக்காய், இரண்டு ஃபிரிக்கடெல் உருண்டைகள் ஆகியவற்றை வாழையிலையில் பொதிந்து அடுப்பில் வாட்டி எடுப்பார்கள். அப்பொதியினுள் 'பிளாச்சான்' என்றொரு துணைக்கறியும் உண்டு. பினாங்குவாசிகளே, அது வேறொன்றுமில்லை, நம் பெலாச்சான்தான்! பத்தாவியா (இன்றைய ஜக்கார்த்தா), மலாக்கா, கொழும்பு மூன்றும் ஒரே ஒல்லாந்த வணிகக் கும்பினியின் கீழ் இருந்தமையால் மலாய் அடுப்பங்கரையின் இறால் மணம் இந்துமாக்கடலைக் கடந்து போய் அங்கே தங்கிவிட்டது.

இவ்விடத்தில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். யாழ்ப்பாண வழிவந்த என் தோழியொருவர் பீன்ஸை எப்போதும் 'போஞ்சி' என்பார். பல ஆண்டுகள் அதைக் கொச்சை என்று நினைத்து உள்ளூர நகைத்திருக்கிறேன். ஒல்லாந்தர் அதனைச் 'போன்ச்சஸ்' என்பர். ஈழத்தில் போஞ்சி; இங்கே சந்தையில் நாம் கேட்டு வாங்கும் 'காச்சாங் புஞ்சிஸ்'. இரண்டும் ஒரு தாய் மக்கள். அதை வாங்கக் கொடுக்கும் 'டூயிட்' மட்டும் என்ன? ஒல்லாந்தக் கும்பினியின் செப்புக்காசு 'டொய்ட்'. தமிழில் அதுவே 'துட்டு'.

இனி என் மனத்துக்கு மிக நெருக்கமானதற்கு வருகிறேன். ஆயர் ஈத்தாமில் நான் சிறுமியாக இருந்த நாளில், தீபாவளிக்கு முந்திய வாரம் அம்மா பக்கத்து வீட்டு நோன்யா அத்தையிடம் இரும்பு அச்சுகளை இரவல் வாங்கி வருவார். நீண்ட பிடியுடைய இரட்டைத் தட்டு. உள்ளே பூவும் பறவையும் செதுக்கியிருக்கும். கரியடுப்பில் சூடேற்றி, ஒரு கரண்டி மாவை ஊற்றி அழுத்தி மூடி, இருபுறமும் காட்டித் திறந்தால் மெல்லிய வட்டத் தகடு. சூடு ஆறுமுன் நாலாக மடித்துவிட வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் நொறுங்கிவிடும். மடிப்பது என் வேலை. விரல் நுனிகள் சிவந்து போகும். 'குவே காப்பிட்' என்னும் இப்பலகாரத்தைச் சீனப் பெருநாளில் வாங்காத வீடு பினாங்கில் அரிது.

மலாக்காவின் பாபா நோன்யா குடும்பங்களில் இதன் பெயர் 'குவே பெலாண்டா'. இம்முறை பெயர் பொய் சொல்லவில்லை. ஒல்லாந்து நாட்டின் வடகிழக்கே திரெந்த, குரோனிங்கன் மாநிலங்களில் இதே போன்ற இரும்பு அச்சில் புத்தாண்டுக்காக மெல்லிய தகடுகளைச் சுடுகிறார்கள். 'கினீப்பர்ச்சஸ்' என்பது பெயர்; இறுக்கிப் பிடித்தல் என்னும் வினையிலிருந்து வந்தது. மலாயில் 'காப்பிட்' என்பதற்கும் இரண்டுக்கிடையே நெருக்கிப் பிடித்தல் என்றுதான் பொருள்! ஆண்டின் இறுதிநாள்வரை தகட்டை விரித்தபடியே உண்பார்கள். கழிந்த ஆண்டு முழுவதும் விரிந்து தெரிந்துவிட்டதாம். புத்தாண்டு பிறந்ததும் சுருட்டி உண்பார்கள். வரும் ஆண்டினுள் என்ன இருக்கிறதென்று இன்னும் தெரியாதாம். இங்கே வந்தபோது கோதுமை மாவுக்கு அரிசி மாவும், வெண்ணெய்க்குத் தேங்காய்ப்பாலும் மாற்றாயின. இரும்பும் புத்தாண்டும் மாறவில்லை.

ஒல்லாந்தரின் சொந்தச் சமையல் மிக எளியது. அவர்கள் போற்றும் 'ஹுட்ஸ்பொட்' என்பது கிழங்கும் கேரட்டும் வெங்காயமும் சேர்த்து மசித்த உணவு. 1574 அக்டோபர் 3-ஆம் நாள் ஸ்பானியப் படை முற்றுகையைக் கைவிட்டு ஓடியபோது, பட்டினி கிடந்த லெய்டன் நகர மக்களுக்கு எதிரி விட்டுச்சென்ற பானையில் கிடைத்த உணவு அது என்பது அவர்கள் மரபுக்கதை. இன்றும் லெய்டன் நகரில் அந்நாள் விழாவாகும். ஆனால் அதே லெய்டனின் பாலாடைக்கட்டியில் சீரகம் இருக்கிறது; டிசம்பர் 5-இல் உண்ணும் 'ஸ்பெக்குலாஸ்' ரொட்டியில் இலவங்கப்பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் இருக்கின்றன. 1602-இல் தோன்றிய கும்பினி அவற்றை எவ்வாறு பெற்றது? ஜாதிக்காய் அக்காலத்தில் விளைந்தது பண்டா தீவுகளில் மட்டுமே. 1621-இல் யான் பீட்டர்சூன் கூன் என்னும் ஆளுநர் படையுடன் வந்து அத்தீவு மக்களில் பெரும்பாலோரை அழித்தார். எஞ்சிய தோட்டங்களில் வேற்றிடங்களிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினர்.

பினாங்கை ஒல்லாந்தர் ஒருநாளும் ஆண்டதில்லை. எனினும் பாலிக் பூலாவில் இன்று நாம் காணும் ஜாதிக்காய் மரங்கள் அக்கதையின் தொடர்ச்சியே. 1796-இல் ஆங்கிலேயர் அத்தீவுகளைக் கைப்பற்றியபோது, கிறிஸ்டோபர் சுமித் என்னும் தாவர வல்லுநர் ஆயிரமாயிரம் கன்றுகளைப் பினாங்கிற்கு அனுப்பினார். ஒல்லாந்தரின் தனியுரிமை உடைந்தது. அவர்களுக்கு வேண்டியவை விதையும் பத்திரியும்தான். பழத்தின் சதையை ஊறுகாயும் பழச்சாறுமாக ஆக்கியது நம் தீவு. வெயில் நேரத்தில் ஒரு குவளை ஜாதிக்காய்ச் சாறு அருந்திப் பாருங்கள்!

இவ்வளவும் படித்து வந்த நான் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். ஒல்லாந்தர் 1610 முதல் பழவேற்காட்டில் இருந்தனர். 1658-இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றினர். அடுத்த ஆண்டிலேயே தஞ்சைப் பகுதியைப் போரும் பஞ்சமும் வாட்டின. பசியால் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றவர்களை, 1659 முதல் 1661 வரை, ஆயிரக்கணக்கில் கும்பினி விலைக்கு வாங்கிக் கப்பலேற்றியது. இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் அவர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். கும்பினி நகரங்களில் ஒல்லாந்தர் வீட்டு அடுப்பங்கரைகளில் அடிமைகளே உழைத்தனர். பதிவேடுகளில் கிறித்துவப் பெயரொன்றும் பின்னால் 'ஃபான் கோரமண்டல்' என்னும் ஒட்டும் மட்டுமே பலருக்கு மிஞ்சின. சோழமண்டலக் கரையைச் சேர்ந்தவர் என்று பொருள். தாய் தந்தையர் இட்ட பெயர் போயிற்று.

என் தாத்தா 'ரஜூலா' கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்ததும் அதே நாகப்பட்டினத்திலிருந்துதான். அவர் தம் பெயரோடு வந்தார். கரியடுப்பின் முன் அமர்ந்து அச்சை மூடித் திறந்த அம்மாவின் கைகளை நினைத்துக்கொள்கிறேன். அந்த இரும்பை முதன்முதலில் அரிசி மாவுக்கும் தேங்காய்ப்பாலுக்கும் பழக்கிய கை ஒல்லாந்தச் சீமாட்டியின் கையாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஜாவாக்காரப் பெண்ணோ, மலாய்ப் பெண்ணோ, சீனப் பெண்ணோ, நம் கரையிலிருந்து விற்கப்பட்டவளோ, பணிசெய்த ஒருத்தியின் கையாகத்தான் இருக்க வேண்டும். ஒல்லாந்த உணவு என்று நூல்கள் எழுதும்போது சமைத்தவளையும் ஒரு வரி எழுதினால் என்ன?

மறுநாள் வகுப்பில் முதல் வேலையாக என் தவற்றைச் சொன்னேன். பிள்ளைகள் வியப்போடு பார்த்தனர். ஆசிரியர் பிழை செய்வார் என்பது அவர்களுக்குப் புதுச்செய்தி போலும். பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதச் சொன்னேன். குரங்கின் மூக்குக் கதைக்குத்தான் சிரிப்பு மிகுதி. நாகப்பட்டினத்துக் கதைக்கு வகுப்பு அமைதியாக இருந்தது. ஒருத்தி மட்டும், "பிள்ளைகளையுமா டீச்சர் வித்தாங்க?" என்று கேட்டாள். ஆம் என்றேன்.

பாடவேளை முடியும் தறுவாயில் முதலில் கேள்வி கேட்ட அதே மாணவன் கையுயர்த்தினான்.

"டீச்சர், அப்படின்னா அந்தக் கோழிக்கு அதோட சொந்த ஊர்ல என்ன பேரு?"

நல்லவேளை, அதையும் பார்த்து வைத்திருந்தேன். மெக்சிகோவில் 'குவாஹொலோத்தே' என்றேன். மூன்று முறை சொல்லச் சொல்லி, எழுத்துக் கூட்டி, குறிப்பேட்டில் தமிழில் எழுதிக்கொண்டான்.