கட்டணச் செயலித் தயக்கம்

பல்லாயிரம் ரூபா கொடுத்துக் கைத்தொலைபேசி வாங்கியவரே, அதில் இயங்கும் செயலியொன்றுக்குச் சில நூறு ரூபா செலுத்த நேரும்போது தயங்கிப் பின்வாங்கும் மனோபாவம் கட்டணச் செயலித் தயக்கம் எனப்படும். இலங்கையின் அம்பாறைக் கரையோரத்தில் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய முஸ்லிம் ஊர்களில் இதனைத் தெளிவாகக் காணலாம். ஆயினும் இது அவ்வூர்களுக்கு மட்டும் உரிய சுபாவமன்று.

2008 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் ஏறத்தாழ 500 செயலிகளுடன் தன் அங்காடியைத் திறந்தபோது, அவற்றுள் நான்கிலொரு பங்கே இலவசம். பின்னர் விளம்பர வருமானம் பெருகப் பெருக அந்நிலை தலைகீழாகி, இலவசமே சம்பிரதாயமாயிற்று. விலையின்மைக்குத் தனி வசீகரம் உண்டென்பதை ஷம்பானியர், மசார், ஏரியலி ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு காட்டும். உயர்தரச் சொக்லேட் 15 சதத்துக்கும் சாதாரணமானது 1 சதத்துக்கும் விற்கப்பட்டபோது வாங்கியோருள் பெரும்பாலோர் உயர்ந்ததையே தெரிந்தெடுத்தனர். இரண்டிலும் ஒரு சதம் குறைத்ததும், விலை வித்தியாசம் சற்றும் மாறாதிருந்தும், இலவசமாகிவிட்ட சாதாரணச் சொக்லேட்டின் பக்கமே எடுத்தோருள் பெரும்பாலோர் சாய்ந்தனர்.

கல்முனையில் இப்பொதுக் காரணத்தோடு பணம் செலுத்தும் வழியின் சிக்கலும் சேர்கிறது. கொமியூனிகேஷன் கடையில் நூறு ரூபாவைக் கொடுத்து, இலக்கத்தைச் சொல்லி, ரீலோட் வந்த குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டே படியிறங்கும் ஒருவருக்கு அந்தக் கொடுக்கல் வாங்கல் கண்முன்னே முடிந்துவிடுகிறது. செயலி அங்காடியோ முகமறியாத ஓரிடத்துக்குக் கார்ட் இலக்கத்தை ஒப்படைக்கச் சொல்கிறது. வட்டியை ஹராமென விலக்குவோர் பலர் கிரெடிட் கார்ட்டை நாடுவதில்லை. டெபிட் கார்ட் உடையோரும் மாதந்தோறும் தானாகக் கழியும் சந்தாவை, நிறுத்தும் வழி தெரியாத செலவாகக் கருதி அஞ்சுவர். விலை டொலரில் நிர்ணயிக்கப்படுவதும் இடையூறே: 2022 மார்ச்சில் நாணய மாற்று விகிதம் தளர்த்தப்பட்டபின், ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாவளவுக்கு ஏற, 5 டொலர்ச் செயலி ஆயிரம் ரூபாவிலிருந்து ஆயிரத்து எண்ணூறாயிற்று.

குர்ஆன், தொழுகை நேரம், கிப்லா ஆகியவற்றுக்கான செயலிகளில் தயக்கத்தின் தன்மை வேறு. பள்ளிவாசலுக்குக் குர்ஆன் பிரதிகளை வக்பு செய்வதை நிலையான தர்மமாகப் போற்றும் சமூகத்தில், ஓதுதலுக்கிடையே விளம்பரத்தைக் காட்டிவிட்டு அதனை நீக்கக் கட்டணம் கேட்பது வியாபாரத்தின் அத்துமீறலாகவே தோன்றும். இவ்விஷயத்தில் நியாயம் பயனாளர் பக்கமே அதிகம்.

ஆகவே இத்தயக்கத்தை லோபத்தனமென்று தள்ளுவது பொருந்தாது. ஆண்டுக்கு 0.99 டொலர் கேட்டுவந்த வட்ஸ்அப் நிறுவனமே, கார்ட் இல்லாதோர் பலர் முதலாண்டு முடிந்ததும் உற்றாரோடு தொடர்பு அறுந்துவிடுமென அஞ்சுவதாகக் கூறி, 2016 ஜனவரியில் அக்கட்டணத்தைக் கைவிட்டது. வளைகுடா நாடுகளில் உழைக்கும் கணவரோடும் மகனோடும் அதன்வழி தொடர்புகொள்ளும் கரையோரக் குடும்பங்களுக்கு அது சிறு சலுகையன்று. கார்ட் இல்லாதோருள், டயலொக் என்னும் கைத்தொலைபேசிச் சேவையின் வாடிக்கையாளர் கூகுள் பிளே அங்காடியில் தொலைபேசி மீதியிலிருந்தே விலை செலுத்தவும் வழியுண்டு. அங்கு வாங்கிய செயலி பிடிக்காவிடின் 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கோரலாம். வாங்குவதற்கு முன் இவ்விதியை அறிந்துகொள்வது நன்று.